ரோபோ ஓடினால் போதுமா?

தேர்வான பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் என்ற ஏற்பாட்டுடன் 2016இல் தொடங்கியது அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம். 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் ரோபோவையும் மைக்ரோகண்ட்ரோலரையும் கையால் தொட்டுப் பழகுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஆர்வம், படைப்பாற்றல், கற்பனை என்று அதன் குறிக்கோள்களை அடுக்குகிறார்கள். இவை நிறைவேறினவா என்று எதைக் கொண்டு அறிவது?

ஓர் எளிய சோதனை உண்டு. ரோபோவின் 'கண்', கேளா ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்திலிருந்து தொலைவைக் கணிக்கிறது. நிரலில் பெரும்பாலும் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர் என்றிருக்கும். அது 20 டிகிரி செல்சியசுக்கு உரிய வேகம். எங்கள் கண்டனூர் வீட்டு முற்றத்தில், சித்திரை வெயிலில் காற்று 40 டிகிரியைத் தொட்டால், வேகம் சுமார் 355 மீட்டர் ஆகிவிடும். 1 மீட்டர் தொலைவிலுள்ள சுவரை ரோபோ 97 செ.மீ. என்றே சொல்லும்.

ஆயத்த நிரலை ஏற்றியதோடு நின்ற மாணவர் அதை நம்பிவிடுவார். அளவுநாடாவால் சரிபார்ப்பவரே, '3 செ.மீ. எங்கே போயிற்று?' என்று கேட்பார். வெப்பநிலையைச் சேர்த்து நிரலைத் திருத்துவார்.

'பிழையை அளப்பார், காரணம் கூறுவார், திருத்துவார்' என்பதையும் குறிக்கோளாக எழுதிவைக்க வேண்டும். உங்கள் பள்ளியில் ரோபோ ஓடும்போது கைதட்டுங்கள்; கூடவே ஓர் அளவுநாடாவையும் கேளுங்கள்.