வாளி, மக், பூட்டு: விடுதிப் பட்டியல்களை வாசித்தல்

ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் நம்ம பக்கத்து வீடுகளில் அதிகக் கவனத்தோடு வாசிக்கப்படும் உரைநடை எது என்று கேட்டால், கல்லூரி விடுதிகள் அனுப்பும் 'கொண்டு வர வேண்டிய பொருட்கள்' பட்டியல் என்றுதான் சொல்வேன். அம்மா ஒரு தடவை படிக்கிறார், அப்பா ஒரு தடவை, மாமா ஒரு தடவை. பேனாவால் டிக் அடித்து, ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி, வாட்ஸ்அப்பில் அத்தைக்கும் அனுப்பி வைக்கிறார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு நம்பிக்கையோடு வாசிக்கிற ஒரு எழுத்தை யாரும் விமர்சனம் செய்ததாகத் தெரியவில்லை. அதனால் நான் செய்து பார்க்கிறேன்.

நான் இருப்பது சூரமங்கலத்தில். சேலம் ஜங்ஷன் இங்கேதான். சென்னைக்கும் கோவைக்கும் முதல் வருடம் படிக்கப் போகிற பிள்ளைகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறார்கள். வாளிக்குள் மக், மக்குக்குள் சோப்பு டப்பா, கயிறு கட்டிய மெத்தை, ஒரு எவர்சில்வர் சம்படம் நிறைய முறுக்கு. பட்டியலில் இருப்பதெல்லாம் கையில் இருக்கும். பட்டியலில் இல்லாதது எதுவும் இருக்காது. என் பேச்சு முழுக்க அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றித்தான்.

அக்கம்பக்கத்திலும் உறவிலும் வந்த சில பட்டியல்களைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். தனியார் பொறியியல் கல்லூரி, கலைக்கல்லூரி, நர்சிங் கல்லூரி என்று கலவை. வரிசையாக வைத்துப் படித்தால் முதலில் கண்ணில் படுவது, யாரிடம் பேசுகிறார்கள் என்பது. 'தங்கள் மகன் / மகள்' என்றுதான் ஆரம்பிக்கும். பேசுகிறவர் நிர்வாகம், கேட்கிறவர் பெற்றோர். போய்த் தங்கப்போகிற பிள்ளை அந்த வாக்கியத்தில் படர்க்கையில் நிற்கிறது. சட்டப்படி ஓட்டுப் போடும் வயது வந்துவிட்ட, அல்லது சில மாதங்களில் வரப்போகிற ஒருவரை, மெத்தையையும் தலையணையையும் போலவே 'கொண்டு வந்து விட வேண்டிய' பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள்.

அடுத்தது வினைச்சொற்கள். முதல் பாதியில் 'கொண்டு வர வேண்டும்', இரண்டாம் பாதியில் 'கூடாது', 'அனுமதியில்லை'. அயர்ன்பாக்ஸ் கூடாது, கெட்டில் கூடாது, வெளி ஆட்கள் கூடாது. நான் பார்த்த எதிலும் 'தெரிந்திருக்க வேண்டும்' என்றோ 'கேட்கலாம்' என்றோ ஒரு வினை இல்லை. சாமானுக்கு இலக்கணம் இருக்கிறது, ஆளுக்கு இல்லை.

நியாயமாகச் சொல்வதானால், பட்டியல் தன் வேலையை ஓரளவு ஒழுங்காகவே செய்கிறது. ஒரே அறையில் நாலு பேர் கெட்டில் போட்டால் வயர் தாங்காது. பூட்டுக்கு இரண்டு சாவி வேண்டும் என்று சொல்வது அனுபவம். என் புகார், இது மட்டும்தான் தயாரிப்பு என்று வீடுகள் நம்பிவிடுகின்றன என்பது.

இந்தப் பட்டியலோடு வரும் இன்னொரு தாளை எடுத்துக்கொள்வோம்: ராகிங் தடுப்பு உறுதிமொழி. மாணவர் ஒன்று, பெற்றோர் ஒன்று, ஒவ்வொரு கல்வியாண்டும் கொடுக்க வேண்டும். அநேகமாக யாரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் தாள் இது. ஆனால் இதற்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர் நாவரசு ஒரு சீனியரால் கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரின் மகன். அந்த அதிர்ச்சியில்தான் தமிழ்நாடு 1997ல் ராகிங் தடைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். புகாரைக் கண்டுகொள்ளாத கல்லூரித் தலைமை குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படும் என்பதும் அதில் உண்டு. பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த ராகவன் குழு 2007ல் அறிக்கை கொடுத்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் இறந்தார். அந்த ஆண்டே யுஜிசி விதிமுறைகள் வந்தன. முதலாண்டு மாணவர்களை முடிந்தவரை தனிக் கட்டடத்தில் தங்கவைக்க வேண்டும் என்பது முதல், 24 மணி நேரமும் இயங்கும் 1800-180-5522 என்ற எண் வரை எல்லாம் அதன் விளைவுகள்.

இப்போது பட்டியலையும் உறுதிமொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறுதிமொழி 'நான் ராகிங் செய்ய மாட்டேன்' என்று சொல்ல வைக்கிறது. முதல் வருடப் பிள்ளையிடம் இதைத்தான் முதலில் கேட்கிறோம்! 'எனக்கு நடந்தால் யாரிடம், எத்தனை மணிக்கு, எப்படிச் சொல்வேன்' என்ற பக்கம் வெற்றாக இருக்கிறது. இரண்டு பெரிய அதிர்ச்சிகள் கொடுத்த சட்ட அறிவு, வீட்டுக்கு வந்து சேரும்போது ஒரு கையெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு பதில் உண்டு. 'எங்க பையன் ரெண்டு வருஷம் ஹாஸ்டல்ல இருந்தவன் தானுங்க, அவனுக்கு என்ன புதுசா பழகணும்?' நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் உறைவிடப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்த பிள்ளைகளைச் சொல்கிறார்கள். இந்தப் பதிலை மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை.

அந்தப் பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று ஊரே பெயர் வைத்தது கோழிப்பண்ணை ஊர் என்பதால் மட்டும் இல்லை. விடியுமுன் எழுப்பும் மணி, ஸ்டடி ஹவர், தேர்வு, மறுபடி ஸ்டடி ஹவர், விளக்கணைக்கும் மணி. சாப்பாடு நேரத்துக்கு வரும், துணி வெளுத்து வரும், வீட்டுக்குப் பேச ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை. பதினோராம் வகுப்புப் பாடத்தையே தள்ளிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்திய பள்ளிகள் இருந்தன. 2017-18ல் அரசு பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டு வந்தபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. அதே 2017ல்தான் மாநில ரேங்க் அறிவிப்பும் நிறுத்தப்பட்டது. நீட் வந்து மருத்துவ இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் கணக்கு மாறிப்போனதும் அந்தச் சமயத்தில்தான்.

இந்த விடுதி ஒரு பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது? மணி அடித்தால் செய்வது. கல்லூரி விடுதியில் கேட்டைப் பூட்ட மணி உண்டு, படிக்க மணி இல்லை. சாயங்காலம் நாலரைக்கு வகுப்பு முடிந்த பிறகு ராத்திரி பதினோரு மணி வரை ஆறரை மணி நேரம் அவனுடையது. இரண்டு வருடம் ஒரு நிமிடம்கூடச் சொந்தமாக வைத்துக்கொள்ளாதவனுக்கு இது பெரிய பணம் திடீரெனக் கையில் வந்த மாதிரி. முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் வைக்கிற நல்ல மார்க் பிள்ளைகளைப் பார்த்து 'கூடாத சேர்க்கை' என்கிறோம். எனக்கு அது பாதி பதிலாகத்தான் படுகிறது. நேரத்தை அவனிடம் யாரும் கொடுத்துப் பழக்கவில்லை என்பது மீதிப் பாதி. இந்த வகையில், விடுதியில் இருந்து வந்த பிள்ளையைவிட, வீட்டிலிருந்து பஸ் பிடித்து அரசுப் பள்ளிக்குப் போய்வந்து, தம்பியையும் பார்த்துக்கொண்ட பிள்ளைக்குத்தான் தயாரிப்பு அதிகம்.

பட்டியல் சொல்லாமல் விடும் இன்னொன்று, கூடச் சாப்பிடுவது. தமிழில் வீட்டை விட்டுப் படிக்கப் போவதன் வரலாறே பெரும்பாலும் சாப்பாட்டுப் பந்தியின் வரலாறு. 1871ல் உ.வே.சாமிநாதையர் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படிக்கப் போனபோது, பாடம் ஒரு வீட்டில், சாப்பாடு வேறு இடத்தில். சாதி ஆசாரம் அப்படி. தன் வரலாற்றில் அந்தச் சாப்பாட்டு ஏற்பாடுகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அரை நூற்றாண்டு கழித்து வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது 1924-25ல் காங்கிரஸையே உலுக்கியது. அதை எதிர்த்து முன்னால் நின்றவர்களில் பெரியாரோடு டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஒருவர். அவர் நம்ம ராசிபுரத்தில் பிறந்தவர். தமிழ்நாட்டு அரசியல் ஒரு விடுதிச் சமையலறையில் திசை மாறியது என்று சொன்னால் மிகை இல்லை.

இன்றைக்கு மெஸ்ஸில் எல்லோரும் ஒரே வரிசை. ஆனால் அறையில்? 'நீ எந்த ஊர், என்ன ஆளுங்க' என்ற கேள்வி முதல் ராத்திரியே வந்துவிடும். அதைக் கேட்காமல் இருக்கவும், கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்றும் எந்த வீடும் சொல்லி அனுப்புவதில்லை. சில வீடுகள் யாரோடு அறை போட வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புகின்றன.

தனியார் விடுதிக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு அரசு நலத்துறை விடுதிகள் இருக்கின்றன. 2025ல் அவற்றுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர். ஆனால் 2023ல் கல்லூரி மாணவருக்கான மாத உணவுப்படியை 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தியபோதே, அது நாளைக்கு 50 ரூபாய்தான். மூன்று வேளைக்கு. சூரமங்கலம் உழவர் சந்தையில் ஒரு தடவை பை நிரப்பியவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு எந்தப் பட்டியலும் வருவதில்லை. பெரும்பாலும் ஒரு பையோடு போய் இறங்குகிறார்கள்.

பெண் பிள்ளைகளின் பட்டியல் தனி ரகம். 'கூடாது' இரண்டு மடங்கு. கேட் நேரம், போன் நேரம், உடை. பாதுகாப்புக்காக என்கிறார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு எல்லை உண்டு என்று 2019ல் கேரள உயர் நீதிமன்றம் ஃபஹீமா ஷிரின் வழக்கில் சொன்னது. சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை போன் கூடாது என்ற விதியை எதிர்த்ததற்காகக் கோழிக்கோடு பக்கத்துக் கல்லூரி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாணவி அவர். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பு வந்தது, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நம் ஊரிலேயே, பெண்கள் விடுதிகளைப் பதிவு செய்து உரிமம் பெறச் சொல்லும் சட்டம் 2014ல் வந்துவிட்டது. கல்லூரிக்கு வெளியே தனியார் விடுதி பார்க்கிற அப்பாக்கள் ஏசி இருக்கா, வைஃபை இருக்கா என்று கேட்கிறார்கள். 'லைசென்ஸ் காட்டுங்க' என்று கேட்கிறவர் அபூர்வம்.

சரி, குறை சொல்லியாயிற்று. நல்ல பட்டியல் எப்படி இருக்கும்? என் வரைவு இது. கடையில் வாங்க வேண்டியது இதில் ஒன்றும் இல்லை.

ஒரு மாதச் செலவுப் பணத்தை ஜூன் மாதமே பிள்ளையின் கணக்கில் போட்டு, வீட்டில் இருந்தபடியே முப்பது நாள் ஓட்டச் சொல்லுங்கள். இருபதாம் தேதி தீர்ந்துபோனால் இங்கேயே தீரட்டும்.

மெஸ் பில் படிக்கத் தெரிய வேண்டும். பல விடுதிகளில் டிவைடிங் சிஸ்டம்: மொத்தச் செலவை ஆட்கள் எண்ணிக்கையால் வகுப்பது. லீவு போட்டால் எத்தனை நாளுக்குக் கழிப்பார்கள், எப்போது எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது முதல் வாரமே கேட்க வேண்டிய கேள்வி.

வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. காய்ச்சல் மூன்றாம் நாளும் இருந்தால் டாக்டர். அலர்ஜி, ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை அறைத்தோழனுக்கும் சொல்லி வைப்பது.

தன் துணியைத் தானே துவைத்து, காய்ந்ததும் எடுப்பது. இதைப் பையனுக்கு ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

போனில் மூன்று எண்கள்: வார்டன், ராகிங் உதவி எண், மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416. எண் இருந்தால் மட்டும் போதாது. 'நீ போன் பண்ணி ஏதாச்சும் சொன்னா, முதல்ல நாங்க திட்ட மாட்டோம்' என்று வீடு வாய் திறந்து சொல்ல வேண்டும். எத்தனை பிள்ளைகள், 'இவ்வளவு பணம் கட்டியிருக்காங்க, எப்படிச் சொல்றது' என்றே மௌனமாகிறார்கள்! நான் மேலே எழுதிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைக்கச் சொன்னால் இந்த வாக்கியத்தைத்தான் வைப்பேன்.

கடைசியாக ஒரு இலக்கணத் திருத்தம், கல்லூரி நிர்வாகங்களுக்கு. 'தங்கள் மகன் / மகள்' என்பதை அடித்துவிட்டு 'நீங்கள்' என்று ஆரம்பித்துப் பாருங்கள். 'நீங்கள் வாளி கொண்டு வர வேண்டும்' என்று எழுதுவதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் அப்படி ஆரம்பித்த பிறகு, 'உங்களுக்கு ஏதாவது நடந்தால் இங்கே வந்து சொல்லலாம்' என்று அடுத்த வரியை எழுதாமல் இருப்பதுதான் சிரமம்.