இப்னு பதூதா விடைபெற்ற விதம்

இப்னு பதூதாவின் றிஹ்லாவில் மாலைத்தீவு பற்றிய பகுதி நம்மவரால் பெரிதும் விதந்தோதப்படுவது. முஸ்லிம் உலகின் விருந்தோம்பலுக்குச் சான்றாகவே அது பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. அவ்வாறு எடுத்தாள்வோர் வரவேற்போடு நிறுத்திக்கொள்கின்றனர். ஆனால் அப்பகுதியின் பெறுமதி, அவர் புறப்படும் பக்கங்களிலேயே உள்ளதென்பது நம் கருத்து.

வரவேற்பு அழகானதுதான், மறுப்பதற்கில்லை. கப்பல் அணுகியதும் தீவார் வெற்றிலையும் இளநீர்க் காயும் ஏந்திச் சிறு படகுகளில் எதிர்கொள்வர். ஒருவர் தாம் விரும்பிய பயணியிடம் அவற்றைக் கொடுத்துவிட்டால் அப்பயணி அவர் வீட்டு விருந்தாளி. அவருடைய சுமைகளையும் உறவினர்போல் அவரே தூக்கிச் செல்வார். மணம் முடிப்பதும் எளிது; மஹர் சொற்பம். கப்பல் புறப்படும்போது மாலுமிகள் மனைவியரைத் தலாக் சொல்லி நீங்குவர். அத்தீவுப் பெண்கள் தம் நாட்டை விட்டு வெளியேறுவதில்லை. பருவக்காற்றுக்காகக் காத்திருந்த பாய்க்கப்பல் காலத்தில் வருகையோடு பிரிவும் வழக்கமாகவே விதிக்கப்பட்டிருந்தது.

1343ஆம் ஆண்டின் இறுதியில் வந்த இப்னு பதூதாவுக்கோ தங்கும் எண்ணமே இல்லை. டில்லியில் காழியாக இருந்தவர் என்று தெரிந்தபின் தீவார் அவரை விடவில்லை. அரசி கதீஜாவின் கணவரான வஸீர் ஜமாலுத்தீன் அவரை நிறுத்திக்கொண்டார். அரச குடும்பத்தில் மண உறவும் காழிப் பதவியும் கிட்டின. விருந்தினர் இவ்வாறு அதிகாரியானார். ஜும்ஆவுக்கு வராதோரைக் கசையால் அடிப்பித்தார். பெண்களின் உடையைத் திருத்த முயன்று தோற்றார். திருடன் ஒருவனின் கையை வெட்டத் தீர்ப்பளித்தபோது அவையில் இருந்தோர் சிலர் மயங்கி விழுந்ததையும் அவரே கூறுகிறார். விருந்து மூன்று நாட்கள், அதற்கு மேற்பட்டது தர்மம், விருந்தளிப்பவர் சங்கடப்படுமளவு தங்குவது ஆகாது என்னும் நபிமொழியை அவர் அறியாதவரல்லர்.

வஸீருடன் பிணக்கு முற்றியதும் பதவியைத் துறந்தார். கடனைத் தீர்த்துவிட்டுப் போகலாம் என்றார் வஸீர். நகைகளைக் கொடுத்துக் கடன் தீர்க்கப்பட்டதும், அனுமதித்ததற்காக வஸீரே வருந்தித் தடுக்க முற்பட்டார். இவர் சத்தியம் செய்து மறுத்து, தம் பொருள்களைக் கரையோரப் பள்ளிவாசல் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டார். ஊரே தன் வீடுகளைத் திறந்து ஏற்ற ஒருவர் இறுதியில் பள்ளிவாசலில் ஒதுங்கியிருக்கிறார். விடைகொடுக்கையில் வஸீர் தழுவி அழுத கண்ணீர் இவரின் பாதங்களில் விழுந்ததாம். அதே வஸீர் அன்றிரவு, இவருடைய மனைவியரின் உறவினர் கலகம் செய்வரோ என அஞ்சித் தீவைத் தாமே காவல் காத்தாராம். இவ்விரு செய்திகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. அழுகை பொய்யென்றோ காவல் மிகையென்றோ தீர்ப்புச் சொல்ல நாம் விரும்பவில்லை. அச்சத்துக்குக் காரணமும் இருந்தது: மஅபர் சுல்தானின் படையுடன் திரும்பி வருவதாக இப்னு பதூதா படைத் தலைவரோடும் கடற்படைத் தலைவரோடும் உடன்படிக்கை செய்திருந்தார், கப்பலில் வெள்ளைக் கொடிகள் ஏறுவதே அடையாளம். பல ஆண்டுகள் கழித்து ஃபாஸ் நகரில் இதனை மறைக்காமல் சொல்லியெழுதுவித்த துணிவை நாம் மதிக்கிறோம், செயலை அல்ல.

1344 ஆகஸ்டில் கிளம்பியவர் வழியில் நோயுற்ற மனைவியைத் தலாக் சொல்லி ஒரு தீவில் விட்டார். கருவுற்றிருந்த மற்றொருத்தியும் தீவிலேயே தங்கினாள். இவ்வளவுக்கும் நடுவே வேறோர் இடத்தில், நெசவாளர் குடும்பம் ஒன்று மட்டுமே வாழும் சின்னஞ்சிறு தீவைக் கண்டு, இறுதிவரை அங்கேயே ஒதுங்கியிருக்கலாகாதா என ஏங்குகிறார். தென்னையும் வாழையும் இரண்டு காக்கைகளுமே அங்கிருந்தவை. எவரும் எதிர்கொண்டழைத்துப் பதவி தராத இடம் அது.

மீஞ்சூரில் வாழும் நமக்கு இப்பகுதி தொலைவான கதையன்று. நம் கிழக்கே காட்டுப்பள்ளித் தீவு. 2013இல் அங்கே துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய பெட்டகக் கப்பல் காற்றுக்குக் காத்திருப்பதில்லை. மாலுமிக்குக் கரையில் ஒரு வீடு அமைய நேரமும் இல்லை. வடக்கே பழவேற்காட்டிலும், தெற்கே காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கடல்கடந்து வந்த அரபு வணிகரை முன்னோராகச் சொல்லும் மரபுண்டு. வந்திறங்கியவரிடமிருந்தே வமிசத்தை எண்ணுகிறோம். அவ்வணிகரில் எத்தனை பேர் மீண்டும் கப்பலேறினர் என்று கேட்பதில்லை. நம் மொழி தாய்வீட்டு மொழி. காயல்பட்டினத்தில் மணமகன் மனைவியின் வீட்டிலேயே வாழ்வது இன்றும் வழக்கம். கரையில் நின்றுவிட்ட பெண்ணின் பக்கமிருந்து எழுதப்பட்ட றிஹ்லா ஒன்று நம்மிடம் இல்லாததே குறை.

அப்பக்கத்தின் குரல் இப்னு பதூதாவின் நூலிலேயே ஒருமுறை கேட்கிறது. கோழிக்கோட்டில் இருந்தபோது, தாம் விட்டுவந்த மனைவிக்கு மகன் பிறந்த செய்தியறிந்து மீண்டும் தீவுக்குச் செல்கிறார். தாய் வஸீரிடம் போய் முறையிடுகிறாள். தந்தையைத் தடுக்க மாட்டேன் என்கிறார் வஸீர். குழந்தை கொண்டுவரப்படுகிறது. அவர்களோடு இருப்பதே அவனுக்கு நல்லதெனக் கண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அழுகையும் இல்லை, தழுவலும் இல்லை; வாக்கியங்கள் மிகச் சில. ஐந்து நாட்களில் வங்கத்துக்குப் புறப்படுகிறார். கடலில் 43 இரவுகள் கழிந்ததாகக் கணக்குச் சொல்கிறார்.