பெடலா, துடுப்பா?

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டே ப்ரோக்ராம். ஒன்று, பிரியாணி. இன்னொன்று, பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏலகிரி. மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ் இலக்கியம் தலை சுற்ற வைக்கும் என்பதற்கு வேறு நிரூபணம் வேண்டாம்.

மேலே புங்கனூர் ஏரி. டிக்கெட் க்யூவில்தான் குடும்பம் இரண்டாகப் பிளக்கும். பையனுக்குப் பெடல் போட். அம்மாவுக்குத் துடுப்புப் படகு. அப்பா பர்ஸைப் பார்ப்பார்.

பெடல் போட்டின் அடிப்பாகம் அகலம், தட்டை. லேசில் சாயாது. மிதித்தால் சக்கரம் தண்ணீரைப் பின்னே தள்ளும். சுக்கான் நம் கையில். குறை? மிதிப்பவர் தொழிலாளி, பின்சீட்டில் இருப்பவர் சூப்பர்வைசர். எதிர்க்காற்று அடித்தால் பத்தே நிமிடத்தில் தொடை கெஞ்சும்.

துடுப்புப் படகில் ஓட்ட ஆள் உண்டு. சத்தமில்லை, தண்ணீர் கைக்கெட்டும், நிம்மதியாகப் பேசலாம். படகோட்டி முதுகைக் காட்டிக்கொண்டு முன்னே போவதால், நம் வீட்டுச் சண்டை முழுவதையும் நேருக்கு நேர் பார்ப்பார். அது பரவாயில்லை. படகு குறுகல் என்பதுதான் விஷயம். போட்டோ எடுக்க ஒருவர் எழுந்து நின்றால் போதும், எல்லோருக்கும் குலதெய்வம் ஞாபகம் வரும்.

என் தீர்ப்பு: முழங்கால் வலிக்காரர்கள், தாத்தா பாட்டி இருந்தால் துடுப்பு. கால் பெடலை எட்டுகிற பிள்ளைகள் இருந்தால் பெடல்.

ஆனால் படகுக்கு முன்னால் தேர்ந்தெடுக்க வேண்டியது லைஃப் ஜாக்கெட்டை. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தது ஒரு காரணம் என்றார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். அவர்களும் நம்மைப் போல ஜாலியாகப் புறப்பட்டவர்கள்தான். ஆகவே, 'வேர்க்குது, வேணாம்ப்பா' என்று பிள்ளை சிணுங்கினாலும் விடாதீர்கள். பெரியவர் சைஸ் குழந்தைக்கு உதவாது. எல்லா பக்கிளையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் வேறு கேளுங்கள். கொடுக்காவிட்டால் கரையிலேயே மிளகாய் பஜ்ஜி சாப்பிடலாம், தப்பில்லை.

திரும்பும்போது ஆம்பூர் வழியில் பாலாறு. நம் ஊர் ஷூ உலகமெல்லாம் நடக்கிறது, பெருமைதான். ஆனால் தோல் கழிவுக்காக, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல். 2025 ஜனவரியில் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. காரில் போகையில் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க ஏம்ப்பா போட் விடல?" என்றான்.

பெடலா, துடுப்பா என்று அரை மணி நேரம் வாதாடிய நான், அதற்கு வாயே திறக்கவில்லை.