மாணவிக்கு மட்டும் ஒரு பாடம்

2023 பிப்ரவரியில் சுகிர்தராணி தேவி விருதை மறுத்தபோது, கவிஞர் என்பதோடு அரசுப் பள்ளித் தமிழாசிரியர் என்பதையும் பாராட்டியவர்கள் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். விருது விழாவின் முதன்மைப் புரவலர் அதானி குழுமம் என்று தெரிந்ததும் அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். அதற்கு முன்பு, 2017 செப்டம்பரில், மருத்துவ இடம் கிடைக்காத மாணவி அனிதாவின் மரணத்தை ஒட்டி நீட் தேர்வை எதிர்த்து வைரபுரம் ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் சபரிமாலா வேலையையே உதறினார்.

இரண்டும் துணிச்சல்தான், அதில் எனக்கு வழக்கில்லை. இந்த இருவரையும் முன்னால் நிறுத்திவிட்டு மற்ற ஆசிரியர்களுக்காக வாதாட வருகிறவர்களோடுதான் வழக்கு. எல்லாராலும் விருதை மறுக்கவோ வேலையை விடவோ முடியாது, வகுப்பறையே எங்கள் களம், வருஷத்துக்கு நாற்பது பெண்பிள்ளைகளைத் துணிச்சலாக வளர்த்து அனுப்புகிறோமே, அது போராட்டம் இல்லையா என்று கேட்கிறார்கள். மார்ச் எட்டாம் தேதியும் செப்டம்பர் ஐந்தாம் தேதியும் இந்தக் கேள்விக்குக் கைதட்டல் நிச்சயம்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடலாம். பத்தாம் வகுப்போடு நிற்க இருந்த பெண்ணைப் பன்னிரண்டு வரை இழுத்துவந்தவர்கள் ஆசிரியைகள்தான். புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய்க்கு விண்ணப்பம் நிரப்பி, வங்கிக் கணக்கு திறந்து, கல்லூரி வாசல் வரை கூடவே போனவர்கள் உண்டு. நிச்சயதார்த்தத்துக்கு முதல்நாள் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் போட்டு, அதற்காக ஊர்க்காரர்களிடம் பேச்சு வாங்கியவர்களும் உண்டு. இவர்களெல்லாம் களம், கிளம் என்று பேசி நான் கேட்டதில்லை.

மேடையில் பேசுகிற வகுப்பறைப் பெண்ணியத்தின் மீது எனக்கு நெடுநாளாக ஒரே ஒரு குறைதான். அது மாணவியைத் தவிர வேறு யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அவள்தான் தைரியமாக இருக்க வேண்டும், கராத்தே கற்க வேண்டும், செல்போனில் கவனமாக இருக்க வேண்டும், நன்றாகப் படித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும். பையன்கள் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அல்லது அந்த நேரத்துக்கு மைதானத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஊர்ப் பக்கத்திலும் குடிகார அப்பாவைத் திருத்துவது எப்படி என்று பேச்சுப்போட்டிக்கு மகளைத்தான் தயார் செய்கிறோம். நாளைக்குக் குடிக்கப்போகிற பையனுக்குத் தலைப்பு எதுவும் இல்லை.

உப்பளத்துப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். மரக்காணத்தில் வருஷத் தொடக்கத்தில் பாத்தி கட்ட ஆரம்பித்தால் மழை பிடிக்கும்வரை வேலை. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்பதால் இருட்டோடு கிளம்பிவிடுகிறார்கள். பாத்தியில் உப்பு வாருவது பெரும்பாலும் ஆண்கள். அதைத் தலையில் ஏற்றி வரப்பு வழியே மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது பெண்கள். ஈர உப்பிலிருந்து நீர் கழுத்து வழியே இறங்கிக்கொண்டே இருக்கும். பாதவெடிப்பில் உப்பு ஏறும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒதுங்க ஒரு மறைவு கிடையாது, அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். கூலியில் ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு. சம ஊதியச் சட்டம் வந்தது 1976இல்.

இந்தத் தாயின் மகள் எட்டாம் வகுப்பு என்று வையுங்கள். அம்மா போனபின் சோறு வடித்து, தம்பியைக் கிளப்பி, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுக் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு ஓடிவர வேண்டும். பிந்தி வந்தால் வெளியே நிற்க வேண்டும். நிறுத்தி வைப்பவர், மார்ச் எட்டாம் தேதி அதே மைதானத்தில் அடுப்படியிலிருந்து வெளியே வா என்று முழங்கிய அதே ஆசிரியையாகவும் இருக்கலாம். தம்பி ஏன் தண்ணீர் பிடிக்கவில்லை என்று தம்பியிடம் கேட்பதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை. ஆசிரியை தன்னோடு வேலை பார்க்கும் ஆண் ஆசிரியருக்குச் சமமாகச் சம்பளம் வாங்குகிறார், வாங்கத்தான் வேண்டும். அந்த நியாயம் பள்ளிச் சுவரைத் தாண்டி அரைக் கல் தொலைவில் நின்றுபோவதைச் சமூக அறிவியல் பாடத்தில்கூட யாரும் சொல்லித்தருவதில்லை. படித்தால் நீ உப்பளத்துக்குப் போக வேண்டாம் என்பதோடு பேச்சு முடிகிறது. போகிற அம்மாவுக்கு என்ன பதில்?

இதைவிட மோசமான மௌனம் சாதியைப் பற்றியது. 2013 ஏப்ரல் 25ஆம் தேதி, மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழா நாளில், மரக்காணம் கட்டையன் தெருவில் தலித் வீடுகள் எரிக்கப்பட்டன. அதற்கு முந்தைய நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. இரண்டுக்கும் நடுவில் வடமாவட்டங்களில் மேடைக்கு மேடை சாதித் தலைவர்கள் பேசியது, யார் பெண் யாரைக் காதலிக்கிறாள் என்பதுதான். பெண்ணின் மனம்தான் பிரச்சினை என்று வெளிப்படையாகவே சொன்ன ஒரு பிரச்சாரம் ஓடிய மண்ணில், சாதியைத் தொடாமல் ஒருவர் பள்ளிக்கூடத்தில் எந்தப் பெண்ணியத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும்? ‘காதல் கீதல் என்று போகாதே, படிப்பைப் பார்’ என்பதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அக்கறையில் வருகிற பேச்சுதான். ஆனால் மேடையில் அந்தத் தலைவர்கள் பேசியதும் அதுவேதானே. கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டிக்கொண்டு, தங்கள் தெருப் பெண் யாரோடு பேசுகிறாள் என்று வேவு பார்க்கும் ஒன்பதாம் வகுப்புப் பையனை விட்டுவிடுகிறோம். அவனைப் பற்றி எழுத நாங்குநேரியில் தலித் மாணவர் வெட்டப்பட்ட பிறகு நீதிபதி சந்துரு குழு வர வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். ஆசிரியைகளின் படமாலையில் இன்று தவறாமல் இடம்பெறும் சாவித்திரிபாய் புலே, 1848இல் புனேயில் பள்ளி தொடங்கியதோடு நிற்கவில்லை. கருவுற்ற விதவைகளுக்கு 1863இல் கணவர் ஜோதிராவும் அவரும் சேர்ந்து புகலிடம் திறந்தார்கள். அங்கே பிறந்த ஒரு பிள்ளையைத் தம் பிள்ளையாக வளர்த்தார்கள். அவர்களுடைய சத்யசோதக் இயக்கத்தின் நாராயண் லோகண்டே பம்பாயில் விதவைகளைக் கூட்டி மொட்டைக்குச் சம்மதிக்காதே என்று உபதேசம் செய்யவில்லை. நாவிதர்களைக் கூட்டி இனிமேல் விதவையின் தலையைச் சிரைக்க மாட்டோம் என்று சொல்லவைத்தார். கத்தி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் போய்ப் பேசினார். சாவித்திரிபாய் படத்துக்கு மாலை போடுகிற நம் பள்ளிகள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பவளிடமே பேசிக்கொண்டிருக்கின்றன.

சில ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு புகார்ப்பெட்டி இருக்கிறது. நல்ல ஏற்பாடு. நான் பார்த்த ஒரு பள்ளியில் அது தலைமையாசிரியர் அறை வாசலுக்கு நேரே தொங்குகிறது. நாற்காலியை விட்டு எழாமலே யார் சீட்டுப் போடுகிறார்கள் என்று பார்க்கலாம். சாவியும் அவர் மேசை இழுப்பறையில்தான். அங்கே மகளிர் தினத்தன்று அருமையாகப் பேசுகிற ஆசிரியைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். பெட்டியைக் கழற்றி மாணவியர் கழிப்பறைப் பக்கம் மாட்டுங்கள் என்று ஒருவரும் இன்றுவரை கேட்கவில்லை. 2021 நவம்பரில் கோவைப் பள்ளி மாணவி இறந்தபோது, ஆசிரியர் மீதான பாலியல் புகார் தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று அந்தப் பள்ளியின் முதல்வர் போக்சோ சட்டத்தில் கைதானார். அவரும் பெண்தான். ஆசிரியர் அறையில் சகஊழியரைப் பற்றி வாய் திறப்பது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. இதில் ஆசிரியைக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையே கிடையாது.

இந்த இடத்துக்கு வந்தால் வழக்கமாக வருகிற பதில், 1973ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள். அரசை விமர்சித்து ஒரு வரி எழுதினால் பணியிடை நீக்கம் என்பார்கள். பொய்யில்லை, முகநூல் பதிவுகளுக்காக 2024இல் ஆசிரியை உமா மகேஸ்வரிக்கு அது நடந்தது. ஆனால் இதே விதிகள் வேலைநிறுத்தத்தையும்தான் தடுக்கின்றன. 2019 ஜனவரியில் பழைய ஓய்வூதியம் கேட்டு ஆசிரியர், அரசு ஊழியர் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ அழைத்தபோது ஆயிரக்கணக்கான ஆசிரியைகள் ஒரு வாரத்துக்கு மேல் பள்ளிக்குப் போகாமல் தெருவில் உட்கார்ந்தார்கள், கைதாகி மண்டபங்களில் அடைபட்டார்கள், சஸ்பெண்டும் ஆனார்கள். நியாயமான கோரிக்கை, நியாயமான போராட்டம். அவ்வளவு நெஞ்சுரம் உள்ளவர்களிடம் ஒரு பெட்டியை இடம் மாற்றவும், ஒரு பையனின் கைக்கயிறு எதற்கு என்று கேட்கவும், பிந்தி வந்தவளை உள்ளே விடவும் எந்த விதி தடுக்கிறது என்றுதான் கேட்கிறேன். அந்த விதியின் எண்ணைச் சொன்னால் முதலில் அதை எதிர்த்து எழுதுகிறேன்.