மூலையில் எத்தனை? குரோஷா புத்தகங்கள் பற்றி ஒரு குறிப்பு

செந்துறையில் இருக்கும் பெரியம்மாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு குரோஷா ஓரம், நாலு தையலில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். மொத்தம் 34 துண்டுகள். பக்கத்தில் ஒரு எழுத்து கிடையாது. துண்டுதான் குறிப்பு. அவற்றைப் படமாக வரைந்து வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். அதற்கு முதலில் நான் தையல் கற்க வேண்டியிருந்தது, அதற்காகப் புத்தகங்கள். (பருத்தி விளையும் பெரம்பலூரில் 20ஆம் நம்பர் நூல் கிடைக்காமல் திருச்சி போய் வாங்கினேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.)

முதல் அடி பெயரில் விழுந்தது. அமெரிக்கப் புத்தகத்தில் 'சிங்கிள் குரோஷே' என்பது பிரிட்டிஷ் புத்தகத்தில் 'டபுள் குரோஷே'. அமெரிக்க 'டபுள்' அங்கே 'ட்ரெபிள்'. நான் அமெரிக்க முறையில் படித்துவிட்டு, ஒரு பிரிட்டிஷ் வடிவத்தைக் கர்ச்சீப்பில் போட்டேன். ஓரம் இரண்டு மடங்கு உயரமாக வந்ததோடு நாலு மூலையும் கிண்ணம் மாதிரி குவிந்துகொண்டது. பெரியம்மா பார்த்துவிட்டு, "மூலையில மூணு வாங்குனியா? இவ்வளவு ஒசரத்துக்கு அது பத்தாதுப்பா, அஞ்சு வாங்கு" என்றார். அஞ்சு வாங்கினேன், படிந்தது.

ஏன் அஞ்சு என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் முதல் புகார். கணக்கு எளிது. தையலின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசை வெளியே போனால் மூலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தையல் அகலம் கூடுகிறது. ஆக 2 கூடுதல், ஏற்கெனவே இருக்கும் 1 சேர்த்தால் 3. தையல் இரண்டு மடங்கு உயரம் என்றால் 4 கூடுதல், ஆக 5. வட்டத்துக்கும் இதே கதைதான்: சுற்றளவு உயரத்தைப் போல 2π மடங்கு கூடும், அதனால் குட்டைத் தையலுக்குச் சுற்றுக்கு 6, உயரத் தையலுக்கு 12. நாலு வரியில் முடிகிற விஷயம். இது தெரிந்தால் நூறு வடிவங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

மூலைக்காகவே எழுதப்பட்ட புத்தகம் எடி எக்மனின் 'அரவுண்ட் தி கார்னர் குரோஷே பார்டர்ஸ்' (2010). 150 ஓரங்கள், ஒவ்வொன்றுக்கும் வண்ணப் படம், வரி வரியாகச் செய்முறை, கூடவே குறியீட்டு வரைபடம். நல்ல புத்தகம், வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு மூலையையும் அவரே தீர்த்துக் கொடுத்துவிடுவதால், 150-ஐயும் போட்டு முடித்த பிறகும் 151ஆவதை நாமாகப் போட வருமா என்பது சந்தேகம். என் வேலையில் இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்க்கிறேன்: கோடை நகலெடுத்து ஓட்டிவிடுவார்கள், ஒரு எண்ணை மாற்றச் சொன்னால் கை நிற்கும். (நானும் அதில் ஒருவன்தான்.)

இன்னொரு முனையில் தெரேஸ் த தில்மோன். ஆஸ்திரியாவில் பிறந்தவர். அவருடைய 'என்சைக்ளோபீடியா ஆஃப் நீடில்வொர்க்' 1886இல் வந்தது. ஆங்கிலப் பதிப்பு குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. குரோஷா அத்தியாயம் கைகளை எப்படி வைப்பது என்ற படத்தோடு தொடங்குகிறது. கொக்கி எந்த இழைக்குக் கீழே நுழைகிறது, நூல் எத்தனை வளையம் வழியாக வெளியே வருகிறது என்பதை அவர் அளவுக்குப் பொறுமையாகச் சொன்னவர் குறைவு. குறை என்னவென்றால், பக்கத்துக்குப் பக்கம் டி.எம்.சி. நூலின் பெயர். புத்தகமே அந்த நூல் கம்பெனியின் ஆதரவில் வந்ததுதானே. போதாததற்கு நம்ம 'சிங்கிளு'க்கு அதில் 'பிளெய்ன்' என்று மூன்றாவது பெயர்.

இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான் நான் வரைபடத்தின் பக்கம் சாய்கிறேன். முட்டை வடிவம் சங்கிலி, பெருக்கல் குறி குட்டைத் தையல், ஆங்கில 'டி' எழுத்தில் ஒரு குறுக்குக் கோடு இருந்தால் உயரத் தையல், ஒவ்வொரு கோடும் கொக்கியில் நூலை ஒரு தடவை சுற்றுவதைக் குறிக்கும். எந்த நாட்டுக்காரரும் படிக்கலாம். கோல நோட்டில் யாராவது "மூணாவது புள்ளியிலிருந்து வலப்பக்கம் வளைக்கவும்" என்று எழுதி வைக்கிறார்களா? நான் வாங்கிய ஒரு தமிழ்ப் புத்தகம் அதைத்தான் செய்கிறது. ஆங்கில வரிகளை அப்படியே தமிழெழுத்தில் போட்டு, எந்த நாட்டு 'டபுள்' என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

வரைபடமும் எல்லாவற்றையும் சொல்வதில்லை. "4-இன் மடங்கு, கூட 1" என்று ஒரு ஓரம். 81 தையல் இருந்தால் கச்சிதம். என் கர்ச்சீப்பில் ஒரு பக்கம் 83. மீதி இரண்டை என்ன செய்ய? பெரியம்மா: "நடுவுல ரெண்டு எடத்துல ஒவ்வொண்ணு கூட தாண்டிடு. யாரு எண்ணப் போறா?"

மரியா மீஸ் 1982இல் எழுதிய 'தி லேஸ் மேக்கர்ஸ் ஆஃப் நர்சாபூர்' செய்முறைப் புத்தகம் அல்ல. ஆந்திராவின் மேற்கு கோதாவரிப் பகுதியில் ஏற்றுமதிக்காகக் குரோஷா லேஸ் பின்னிய பெண்களைப் பற்றிய ஆய்வு. ஓய்வு நேரத்தில் பின்னும் குடும்பப் பெண்கள் என்று சொல்லியே கூலியைக் குறைத்தார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அதில் தைத்தது வேறு ஒன்று: பூவைப் பின்னுவது ஒருவர், பூக்களை இணைப்பது இன்னொருவர். முழு விரிப்பு எப்படி வரும் என்பது பூ பின்னுகிறவர் கைக்கு வருவதே இல்லை. வரி வரியாகச் சொல்லிக் கொடுக்கும் புத்தகமும் கற்பவரை அந்த இடத்தில்தான் உட்கார வைக்கிறது. அங்கே வயிற்றுப்பாடு, இங்கே பொழுதுபோக்கு. அந்த வித்தியாசம் பெரியதுதான், மறக்கவில்லை.

பெரியம்மாவின் கண்ணுக்கும் எல்லை உண்டு. ஆங்கிலம் படிக்க வராது, படத்தைப் பார்த்தே போடுவார். எக்மன் புத்தகத்தில் இருந்த ஒரு ஓரத்தை மூன்று தடவை பிரித்தார், வரவில்லை. வரைபடத்தைப் பார்த்தபோதுதான் ஒரு வரிசை துணியின் பின்பக்கத்திலிருந்து போடப்படுவது தெரிந்தது. முன்பக்கத்தை மட்டும் எடுத்த போட்டோவில் அது எப்படித் தெரியும்? நான் சொன்னதும், "அத முதல்லயே சொல்றதுக்கென்ன" என்று என்னைத்தான் திட்டினார்.

இதுவரை 21 துண்டுகளை வரைந்திருக்கிறேன். வடிவத்தோடு மூலைக்கு எத்தனை, மிச்சத்தை எங்கே விழுங்குவது, எந்த வரிசை பின்பக்கம் என்று மூன்றையும் தமிழில் எழுதுகிறேன். சிங்கிள், டபுள் வேண்டாம் என்று பெரியம்மா சொல்லும் பெயர்களையே போடுகிறேன்: சங்கிலி, குட்டை, ஒத்தச் சுத்து, ரெட்டச் சுத்து. 27ஆம் துண்டு மட்டும் பிடிபடவில்லை. அதைத் தாளிலிருந்து பிரித்துத் திருப்பிப் பார்க்க அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.