முள்ளும் பகையும்: ‘டாக்டர் ஹூ’ தொடரில் வார்கா தாவரம்

அறிவியல் புனைவுகளில் படைக்கலம் பெரும்பாலும் பகைவரின் வலிமையை உணர்த்தும் கருவியாகவே அமைகின்றது. பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 1965 அக்டோபர் 9 அன்று ஒளிபரப்பான ‘மிஷன் டு தி அன்நோன்’ இதற்கு விலக்காகும். டெரி நேஷன் எழுதிய இவ்வொற்றைப் பகுதிக் கதையில் தொடரின் தலைமைமாந்தரான டாக்டர் தோன்றுவதே இல்லை. அவ்விடத்தில் கதையை நடத்திச் செல்வது வார்கா என்னும் நச்சுத் தாவரமாகும்.

கள்ளி போன்ற தோற்றமுடைய வார்கா, தாவரமும் விலங்கும் கலந்த உயிராகப் படைக்கப்பட்டுள்ளது. இதன் முள் தைத்தவர் உடனே இறப்பதில்லை. நஞ்சு மூளையைத் தாக்க, பகுத்தறிவு அழிந்து கொலைவெறி மேலிடுகின்றது; இறுதியில் அவரே வார்காவாக உருமாறுகின்றார். பிற படைக்கலங்கள் எதிரியின் எண்ணிக்கையைக் குறைப்பன. இதுவோ எதிரியைத் தன் இனமாக்கிக்கொள்வது.

கதை கெம்பல் என்னும் கோளின் காட்டில் நிகழ்கின்றது. அங்கு வார்காவைக் கண்ட பாதுகாப்பு அலுவலர் மார்க் கோரி, டாலெக்குகளின் மறைவிடம் அருகிலேயே உள்ளது என்று உய்த்துணர்கின்றார். வார்கா டாலெக்குகளின் ஸ்காரோ கோளுக்கு உரியது என்பதே அவருக்குச் சான்று. திணைக்கோட்பாட்டின் வழி நோக்கின், இது ஸ்காரோவின் கருப்பொருள். பிற நிலத்தில் காணப்பட்டதால் தன்னைக் கொணர்ந்தவரைக் காட்டிக்கொடுக்கின்றது. காவலுக்கு நிறுத்திய படைக்கலமே ஒற்றாகவும் மாறுவது இக்கதையின் தனிச்சிறப்பு எனலாம்.

எனினும் வார்காவின் கொடுமை அதன் நஞ்சோடு முடிவதன்று. முள் தைத்த கார்வியைக் கோரி சுட்டுக் கொல்கின்றார். பின்னர் லோவரிக்கும் அதே முடிவு நேர்கின்றது. இருவரும் பகைவர் அல்லர், உடன் வந்தவர்கள். அவர்களைக் கொன்றவை டாலெக்குகளின் கைகளும் அல்ல. தன்னவரைத் தானே கொல்லும் நிலைக்கு மனிதனைத் தள்ளுவதே இப்படைக்கலத்தின் உண்மையான வெற்றி. நஞ்சுற்றவருக்கு மாற்று மருந்து உண்டா என்னும் வினாவிற்குக் கதை இடமளிக்கவில்லை. கொன்றவரின் துயருக்கும் போதிய இடமில்லை. கதையோட்டத்தின் விரைவு அறச்சிக்கலை விழுங்கிவிடுவது இப்படைப்பின் குறையாகும்.

இறுதியில் கோரியும் டாலெக்குகளால் கொல்லப்படுகின்றார். அவர் ஒலிநாடாவில் பதிந்த எச்சரிக்கை மட்டுமே எஞ்சி, பின்வரும் ‘தி டாலெக்ஸ் மாஸ்டர் பிளான்’ கதைக்கு வித்தாகின்றது. இப்பகுதியின் ஒளிப்பதிவு அழிக்கப்பட்டு ஒலி மட்டும் எஞ்சியமையும், 2019இல் சென்ட்ரல் லங்காஷயர் பல்கலைக்கழகத்தார் அதனை மீண்டும் நடித்துப் படமாக்கியமையும் இங்கு நினைக்கத்தக்கன. மாந்தரையும் காட்சியையும் இழந்த பின்னும் இக்கதை வாழ்வதற்கு, வெளியிலிருந்து வரும் பகை உறவுக்குள்ளேயே முளைவிடக்கூடும் என்னும் அச்சத்தை ஒரு முள்ளில் அடக்கிக் காட்டிய கற்பனையே காரணமாகும்.