இரண்டு முறை என்று டிக் அடித்தவர்கள்

கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் வகுப்புக்குள் இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். வாய் சுகாதாரம் பற்றிய ஆய்வாம். ஒரு நாளைக்கு எத்தனை முறை பல் தேய்ப்பீர்கள் என்று ஒரு கேள்வி. நான் தேய்ப்பது காலையில் ஒரு தடவைதான். ஆனா பேனா தானாக 'இரண்டு முறை'க்குப் போயிடுச்சு. பக்கத்தில் இருந்தவனும் அதையேதான் டிக் அடித்தான். அந்த ஆய்வில் நாங்கள் இருவரும் நல்ல பிள்ளைகள்.

மாணவர்களின் 'அறிவு, மனப்பான்மை, நடைமுறை' பற்றிய கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். பெரும்பாலானவை ஒரே அச்சு. கேள்வித்தாள், சதவீதம், கடைசியில் "விழிப்புணர்வு தேவை" என்ற முடிவு. வாயைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

இவற்றில் அதிகம் பயன்படும் கருவிகளில் ஒன்று ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் பல் நடத்தைப் பட்டியல். 1988-இல் கவாமுரா உருவாக்கியது. 20 வாக்கியங்கள், ஆமாம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும். 12 வாக்கியங்களுக்குத்தான் மதிப்பெண். செலவில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் வசதியை மறுக்கவில்லை.

சிக்கல் உள்ளே இருக்கிறது. பல்லில் படிந்த அழுக்கைக் காட்டும் சாயத்தைப் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதற்கு ஒரு மதிப்பெண். முறையாகப் பல் தேய்க்க யாரும் சொல்லித்தரவில்லை என்பதை மறுத்தால் இன்னொன்று. பல் மருத்துவ மாணவர்களுக்கு இவை இரண்டும் பாடத்தின் பகுதி. அப்புறம் முதலாண்டு மாணவரைவிட இறுதியாண்டு மாணவர் அதிகம் வாங்கினார் என்றால் அதில் என்ன ஆச்சரியம்? அவர் படித்திருக்கிறார் என்பது தெரிகிறது. அவர் பல் எப்படி இருக்கிறது என்பது தெரியவில்லை.

பற்பசை இல்லாமலே நன்றாகச் சுத்தம் செய்ய முடியும் என்று ஒப்புக்கொண்டாலும் ஒரு மதிப்பெண் உண்டு. அழுக்கை எடுப்பது பிரஷ்தான் என்ற கணக்கில் அது சரி. ஆனால் சொத்தையைத் தடுப்பதில் வலுவான ஆதாரம் உள்ளது ஃப்ளோரைடு கலந்த பற்பசைக்கு. அந்த 20 வாக்கியங்களில் ஃப்ளோரைடு பற்றி ஒன்றுமில்லை. சர்க்கரை பற்றியும் இல்லை. பல் சொத்தைக்கு மூல காரணமான சர்க்கரையை விட்டுவிட்டு மாணவரின் பல் நடத்தையை அளப்பது எப்படி?

இதற்கு நேர்மாறான ஓர் ஆய்வு உண்டு. 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் ஹரால்ட் லோவும் உடன் பணியாற்றியவர்களும் செய்தது. ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேர், அதில் ஒன்பது பேர் முதலாண்டு பல் மருத்துவ மாணவர்கள். பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. யாரிடமும் 'நீங்க எத்தனை தடவை தேய்ப்பீங்க' என்று கேட்டு முடிவெழுதவில்லை. வாய்க்குள் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சரி, விழிப்புணர்வு வகுப்பு எடுத்தால் என்ன ஆகும்? கே, லாக்கர் இருவரும் 1996-இல் பல் சுகாதாரக் கல்வி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அறிவு கூடுகிறது. பல் அழுக்கு கொஞ்ச காலம் குறைகிறது, பிறகு பழைய நிலைதான். சொத்தையில் தெளிவான மாற்றம் இல்லை. இதற்குப் பிறகும் நம் கட்டுரைகள் "விழிப்புணர்வு தேவை" என்றே முடிவது எனக்குக் கோபத்தைத்தான் வரவைக்கிறது. ஏன்னா அந்த வரி பழியை மாணவர் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பிள்ளைக்குத் தெரியவில்லை, அதனால் பல் கெட்டது என்று. கேன்டீனில் எது மலிவாகக் கிடைக்கிறது, வீட்டில் ஃப்ளோரைடு பற்பசை வாங்க முடிகிறதா, பல் வலிக்கு முன்னால் மருத்துவரிடம் போகக் காசு இருக்கிறதா என்பதெல்லாம் கேள்வித்தாளுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

ஸ்காட்லாந்தின் சைல்ட்ஸ்மைல் திட்டம் வேறு வழியில் போனது. மழலையர் பள்ளியிலேயே தினமும், பெரியவர் மேற்பார்வையில், ஃப்ளோரைடு பற்பசையால் பிள்ளைகள் பல் தேய்க்கிறார்கள். சொல்லிக்கொடுப்பதோடு நிற்காமல் செய்ய வைக்கிறார்கள். அங்கே குழந்தைகளின் சொத்தை குறைந்தது.

அடுத்து ஆய்வு செய்யப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கேள்வித்தாள் வேண்டுமானால் கொடுங்கள். கூடவே ஒரு டார்ச்சும் வாய்க் கண்ணாடியும் எடுத்துப் போங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை அதே வகுப்புக்குப் போங்கள். என்னைப் போல டிக் அடித்தவர்கள் அப்போதுதான் மாட்டுவார்கள்.